லியோன் நகருக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகளாகும். பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வரும் இன்னொருவனுக்கு வழி கூறுவதே அவ்விலக்கியத்தின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது மாணவர் முகங்கள் மலரும் இடம் ஒன்றுண்டு. எந்நிலத்து மக்கள் எவ்வுணவு படைப்பர் என்று புலவர் வரிசைப்படுத்தும் இடமே அது. நெய்தல் நிலத்தில் சுட்ட மீன், வேட்டுவர் குடியிருப்பில் புளிங்கறிச் சோறு, மருத நிலத்தில் நண்டுக் கறியோடு வெண்சோறு என அப்பட்டியல் நீளும். ஒரு நாட்டை அறிய விரும்புவோன் அந்நாட்டார் அடுக்களையை அறிய வேண்டும் என்னும் உண்மையை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

அவ்வழியைப் பின்பற்றி, யான் கண்ட ஓர் அயல்நாட்டு நகரத்துக்கு இம்மலரின் வாயிலாக ஓர் உரைநடை ஆற்றுப்படை கூற விழைகின்றேன். அந்நகரம் பிரான்சு நாட்டின் லியோன். பன்றி இறைச்சியும் திராட்சை மதுவும் அடுக்களையில் பெரும்பங்கு வகிக்கும் ஊர் அது. அத்தகைய ஊரில் ஒரு முஸ்லிம் எதை உண்பது, எப்படி உண்பது என்னும் வினாவும் இக்கட்டுரையில் உடன்வரும். நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் மேற்படிப்புக்காகவும் பணிக்காகவும் கடல் கடந்து செல்லும் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் வினா அது.

பயணமும் நகரும்

காரைக்காலைச் சேர்ந்த எம் உறவினர் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிசில் வாழ்கின்றனர். 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவர்தம் இல்லத்தில் தங்கியிருந்தபோது, நம் கல்லூரியில் வேதியியல் பயின்றவரும், பகுதி ஒன்றில் என்னிடம் தமிழ் கற்றவருமான ஒரு மாணவர் லியோனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அங்கே ஆய்வு மாணவராக இருந்த அவர், "இவ்வளவு தொலைவு வந்துவிட்டீர்கள், எங்கள் ஊரையும் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா, ஐயா?" என்றார். விரைவு இரயிலில் இரண்டு மணி நேரப் பயணமே. ஐந்து நாள்கள் அவருடன் தங்கினேன்.

ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது லியோன். கி.மு. 43இல் உரோமானியர் இந்நகரை நிறுவினர். உணவுப் புகழ் இந்நகருக்கு வாய்த்ததற்கு அதன் நில அமைப்பே முதற்காரணம். வடக்கே கோழி வளர்ப்பில் பெயர்பெற்ற பிரெஸ் பகுதி. அதனை அடுத்து நன்னீர் மீன் தரும் தோம்ப் ஏரிகள். மேற்கே ஷரோலே மாட்டு மந்தைகள். தெற்கே ரோன் பள்ளத்தாக்கின் கனிகளும் காய்களும். கிழக்கே ஆல்ப்சு மலைப்பக்கத்துப் பாலும் பாலாடைக் கட்டியும். இவையனைத்தும் வந்து இறங்கும் சந்தையூராக லியோன் விளங்கிற்று. குர்நோன்ஸ்கி என்னும் பிரெஞ்சு உணவுத் திறனாய்வாளர் 1930களில் இந்நகரை உலக உணவுக் கலையின் தலைநகர் என்று போற்றினார்.

அன்னையர் வளர்த்த அடுக்களை

அரண்மனைச் சமையற்காரர்கள் இந்தப் புகழைத் தேடித் தரவில்லை என்பது என் உள்ளத்தைத் தொட்ட செய்தி. செல்வர் வீடுகளில் அடுக்களைப் பணி செய்த எளிய பெண்கள் பின்னர்த் தாமே சிற்றுணவகங்களைத் தொடங்கினர். மக்கள் அவர்களை 'மேர்', அதாவது அன்னை, என்றே அழைத்தனர். அன்னை ஃபிய்யூ என்பார் 1925இல் மறையும் வரை கோழி சமைப்பதில் ஒப்பற்று விளங்கினார். கோழியின் தோலுக்கடியில் ட்ரஃபிள் என்னும் கரிய நிலத்தடிக் காளானைச் சீவிச் செருகி அவர் வேகவைத்த உணவுக்கு 'அரைத் துக்கக் கோழி' என்று பெயர். வெண்மையும் கருமையும் கலந்த துக்க உடையை அது நினைவூட்டியதால் அப்பெயர் வந்தது.

அவரிடம் தொழில் பயின்றவர் யூஜெனி பிராசியே. 1895இல் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பத்து வயதளவில் தாயை இழந்து, பண்ணை வேலை செய்து வளர்ந்தவர். மணமாகாமலேயே கைக்குழந்தைக்குத் தாயாகிப் பிழைப்புத் தேடி லியோனுக்கு வந்து வீட்டு வேலையில் சேர்ந்தார். 1921இல் ருவாயால் தெருவில் தம் பெயரால் ஓர் உணவகம் தொடங்கினார். பின்னர் லுயேர் கணவாயில் மற்றொன்று. மிஷலின் வழிகாட்டி நூல் 1933இல் அவ்விரண்டுக்கும் தன் உயரிய மதிப்பான மூன்று விண்மீன்களைத் தனித்தனியே வழங்கிற்று. ஒரே காலத்தில் ஆறு விண்மீன்கள் பெற்ற முதற்சமையற்கலைஞர் முறையான பள்ளிப் படிப்பு வாய்க்காத இப்பெண்மணியே. 'லா மேர் பிராசியே' என்னும் அவ்வுணவகத்தை 2008இல் மத்தியூ வியான்னே என்னும் சமையற்கலைஞர் ஏற்றுப் புதுப்பித்தார். அதன் விலை நம் போன்ற ஆசிரியர்க்கு எட்டாதது. வாயிலில் நின்று பெயர்ப் பலகையைப் படித்து, அந்த அன்னையை நினைந்து நகர்ந்தோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிராசியே அம்மையாரிடம் வேலை கற்க வந்த இளைஞருள் ஒருவர் போல் போக்கூஸ். அங்கே மாடு கறக்கவும் தோட்டம் கொத்தவும் வேண்டியிருந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். லியோனுக்கு வடக்கே, சோன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன்ழ் ஊரில் அவர் நடத்திய உணவகம் 1965 முதல் 2020 வரை மூன்று விண்மீன் மதிப்பைத் தக்கவைத்திருந்தது. 1975இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ழிஸ்கார் தெஸ்தேனுக்காக அவர் ஆக்கிய ட்ரஃபிள் வடிசாறு உலகப் புகழ் பெற்றது. 1926இல் பிறந்த போக்கூஸ் 2018இல் அதே ஊரில் மறைந்தார். வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் கைப்பக்குவம் நாட்டுத் தலைவரின் விருந்து மேசை வரை சென்ற வரலாறு இது.

நெசவாளர் உணவு

லியோனின் மற்றொரு பெருமை பட்டு. பிரான்சின் அரசர் முதலாம் பிரான்சுவா 1536இல் அளித்த உரிமையால் இத்தாலியிலிருந்து வந்த நெசவாளர் இங்கே தறி அமைத்தனர். நம் காஞ்சிபுரத்து நெசவாளர் 'ஜக்கார்டு' என்று கூறும் கருவி, இந்நகரில் பிறந்த ழக்கார் என்பவரின் பெயரால் வழங்குவதே. லியோன் பட்டு நெசவாளர்க்குக் 'கனூ' என்று பெயர். அவர்கள் குருவா ரூஸ் என்னும் குன்றின் மீது உயர்ந்த கூரை கொண்ட வீடுகளில் தறியோடு வாழ்ந்தனர். கூலி போதாமல் 1831லும் 1834லும் அவர்கள் கிளர்ந்தெழுந்தது ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வு.

அவர்களுக்காகத் தோன்றிய எளிய உணவுக்கடைகளே 'பூஷோன்' எனப்படுபவை. கட்டம் போட்ட மேசை விரிப்பு, நெருக்கமான இருக்கைகள், சுவரெல்லாம் பழைய படங்கள், உரக்கப் பேசும் கடைக்காரர் ஆகியவை அதன் அடையாளங்கள். இறைச்சியில் செல்வர் விரும்பாத குடல், ஈரல், கால் முதலியவற்றைச் சுவைபடச் சமைப்பது அக்கடைகளின் திறம். பெருநாள் மறுநாள் நம் இல்லங்களில் குடல் கறி வேகும் மணத்தை அறிந்தவர்க்கு இத்திறத்தின் அருமை தெரியும்.

பூஷோன் உணவுப் பட்டியலில் நாம் தயங்காமல் விரும்பத்தக்கது ஒன்றுண்டு. 'செர்வெல் தெ கனூ' என்பது அதன் பெயர். நெசவாளர் மூளை என்று பொருள். மூளைக் கறி வாங்க வசதியற்ற நெசவாளர், உறையவைத்த வெண்பாலாடையில் பூண்டு, சிறுவெங்காயம், பசுந்தழைகள், எண்ணெய், காடி ஆகியவற்றைக் கலந்து அதற்கு இப்பெயரிட்டு உண்டனர் என்பர். நம் தயிர்ப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் சிலர் இதில் வெண்திராட்சை மது சிறிது சேர்ப்பர் என்பதால் கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

கேட்டறியும் கலை

இந்தக் 'கேட்டறிதல்' என்பதே என் ஆற்றுப்படையின் நடுப்பொருள்.

என் மாணவர் அந்நகரில் எட்டு மாதங்கள் வாழ்ந்துவிட்டார். ஆயினும் ஒரு பூஷோனுக்குள்ளும் அவர் நுழைந்ததில்லை. அறையில் சோறு பொங்கி ஊறுகாயோடு உண்பார். ஆய்வுக்கூடத் தோழர்கள் மூன்று முறை அவரை விருந்துக்கு அழைத்துள்ளனர். மூன்று முறையும் வயிற்று வலி என்று சொல்லி விலகியிருக்கிறார். நான்காம் முறை அவர்கள் அழைக்கவில்லை.

"பன்றி இறைச்சி உண்பதில்லை, மது தொடுவதில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னால் என்னை வேறாகப் பார்ப்பார்களோ என்ற அச்சந்தான், ஐயா" என்றார்.

"இப்போது எப்படிப் பார்க்கிறார்கள்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அவர்களோடு சேர விரும்பாதவன் என்று நினைக்கிறார்கள் போலும். மேசையில் என்னிடம் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்" என்றார்.

அவர் தம் மார்க்க ஒழுக்கத்தில் சிறிதும் தவறவில்லை. அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவ்வொழுக்கத்தை ஒரு நோயைப் போல மறைத்து வைத்ததுதான் அவரைத் தனிமைப்படுத்திற்று. அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகளுள் சிலர் வெட்கத்தால் பேணுதலை விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் அச்சத்தால் மனிதரையே விட்டுவிடுகின்றனர். இரண்டும் இழப்பே.

மறுநாள் நண்பகல் குருவா ரூஸ் குன்றிலுள்ள ஒரு சிறு பூஷோனுக்கு அவரை அழைத்துச் சென்றேன். நடத்துபவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். எனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. "நீரே கேளும்" என்றேன். அவர் தயங்கித் தயங்கி, தாம் முஸ்லிம் என்பதையும், பன்றியும் மதுவும் சேராத உணவே வேண்டும் என்பதையும், பிற இறைச்சியும் வேண்டாம் என்பதையும் கூறினார். அம்மையார் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரிலேயே அமர்ந்து, பட்டியலை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு விளக்கலானார்.

லியோன் கீரைக் கலவையில் பன்றித் துண்டுகள் உண்டு, அதனைத் தள்ளினார். பயற்றங்கலவையில் அவற்றைப் போடாமலே தர முடியும் என்றார். 'கெனல்' என்பது இந்நகரின் தலைசிறந்த மீனுணவு. 'ப்ரோஷே' என்னும் நன்னீர் மீனின் சதையை அரைத்து, முட்டை, மாவு, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, நீள உருண்டையாக்கி வேகவைப்பர். குழம்பில் இட்டுச் சுடும்போது பூரி போலப் பொங்கும். மீனுணவுதானே என்று நாம் எண்ணுவோம். பழைய செய்முறையில் மாட்டின் சிறுநீரகக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்றும், தம் கடையில் வெண்ணெய் மட்டுமே என்றும் அம்மையார் கூறினார். பின்னர் எழுந்து அடுக்களைக்குள் சென்று திரும்பி, அன்றைய நன்னீர் இறால் குழம்பில் பிராந்தி விட்டிருப்பதால் எங்களுக்குப் பாலும் மாவும் வெண்ணெயும் கலந்த வெண்குழம்பைத் தனியே காய்ச்சித் தருவதாகச் சொன்னார். ஒரு மீனுருண்டைக்குள் இத்தனை வினாக்கள்! நாங்கள் வாய் திறவாதிருந்தால் ஒன்றும் தெரிந்திராது.

அன்று நாங்கள் உண்டவை நெசவாளர் மூளை, பயற்றங்கலவை, கெனல், பாலேட்டில் வெந்த உருளைக்கிழங்கு, இறுதியில் சர்க்கரைப் பாகில் தோய்த்த இளஞ்சிவப்பு வாதுமைப் பருப்பால் ஆன லியோன் இனிப்பப்பம். எங்கள் மேசையில் தண்ணீர்க் குவளை மட்டுமே. பிரெஞ்சு உணவகங்களில் உண்போர்க்குக் குழாய் நீர் விலையின்றித் தரப்படுகிறது, கேட்டால் போதும்.

புறப்படும்போது அம்மையாருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்று என் மாணவர் வருந்தினார். அவர் சிரித்துக்கொண்டே, "முன்னதாகச் சொல்லுகிறவரால் எனக்குத் தொந்தரவு இல்லை. ஒன்றும் சொல்லாமல் தட்டில் மீதம் வைத்துவிட்டுப் போகிறவரால்தான் எனக்கு வருத்தம்" என்று கூறியதாக அவர் மொழிபெயர்த்தார். சமைத்துப் படைக்கும் பெண்களின் உள்ளம் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

காண வேண்டிய இடங்கள்

இனி, செல்வோர்க்குப் பயன்படும் சில குறிப்புகள்.

கெனலுக்குப் புகழ் பெற்றது ஏனே பகுதியிலுள்ள 'கஃபே கொந்துவார் அபெல்' என்னும் பழைய உணவகம். பெராஷ் இரயில் நிலையத்தருகே 'பிராசரி ஜார்ஜ்' உள்ளது. 1836இல் அல்சாசு நாட்டிலிருந்து வந்த ஒரு மது வடிப்பாளர் தொடங்கியது. நடுவே தூண்களின்றி விரிந்த அதன் பெருங்கூடம் கட்டடக் கலை ஆர்வலர் காணத்தக்கது. ஆனால் பியருக்கென்றே எழுந்த இடம் என்பதை அறிந்து செல்க.

பார்தியே பகுதியில் போல் போக்கூஸ் பெயர் தாங்கிய உட்சந்தை இருக்கிறது. 1971 முதல் அங்கே இயங்குகிறது. பாலாடைக் கட்டிகள், மீன்கள், கனிகள், அப்பங்கள் என ஒவ்வொரு கடையும் ஒரு கண்காட்சி. காசு செலவிடாமல் ஒரு முற்பகல் முழுவதும் அங்கே கற்கலாம். ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். 'லியோன் மெத்தை' என்று பொருள்படும் பச்சை நிற இனிப்பு பட்டுத் தலையணை போல அழகாயிருக்கும். அதனுள் இருக்கும் சாக்லெட்டில் குராசோ என்னும் மதுவகை சேர்கிறது. இனிப்புக் கடையிலும் கேள்வி வேண்டும்.

கேட்பதற்கு இரண்டு தொடர்கள் போதும். 'சான் போர்' என்றால் பன்றி இறைச்சி இன்றி. 'சான் அல்கோல்' என்றால் மது இன்றி. இறைச்சி குறித்தும், மது பரிமாறும் இடங்களில் அமர்வது குறித்தும் மார்க்கச் சட்ட விளக்கங்களுள் நான் புகவில்லை. அது ஆலிம் பெருமக்களின் துறை. பயணம் புறப்படுமுன் அவர்களிடம் கேட்டுத் தெளிக. அறுத்த முறை தெரியாத இறைச்சியைத் தவிர்த்து, மீன், முட்டை, காய்கறி என்று நின்றேன் என்பதே என் நிலை.

ரோன் ஆற்றின் மறுகரையில் உள்ளது கியோத்தியேர். அல்ஜீரியா, துனீசியா, மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் புழங்கும் பகுதி. ஹலால் இறைச்சிக் கடைகளும், கூஸ்கூஸ் பரிமாறும் எளிய உணவகங்களும் அங்குண்டு. கோதுமைக் குறுமணியை ஆவியில் அவித்து, ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் காய்களும் வெந்த சாற்றை ஊற்றி உண்பர். நகரின் பெரிய பள்ளிவாசல் 1994இல் திறக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை அங்கே தொழுதுவிட்டு, பிற்பகலில் கியோத்தியேரில் கூஸ்கூஸ் உண்ட நாளில் என் மாணவரின் முகத்தில் ஊர்க்களை தெரிந்தது.

மெல்லிய கோதுமை அப்பத்தில் இறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, பாலாடைக் குழம்பு வைத்து மடித்துச் சுடும் 'பிரெஞ்சு தாக்கோ' இன்று அந்நாட்டு இளைஞரின் பெருவிருப்ப உணவு. 2000ஆம் ஆண்டையொட்டி லியோன் புறநகரில் வட ஆப்பிரிக்க மரபினர் நடத்திய சிறுகடைகளில் அது பிறந்தது என்பர். அண்டையிலுள்ள கிரெனோபிள் நகரத்தாரும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றனர். பட்டு கொணர்ந்தவர் இத்தாலியர். பெருங்கூடம் எழுப்பியவர் அல்சாசுக்காரர். அடுக்களையை உயர்த்தியவர் சிற்றூரிலிருந்து வேலை தேடி வந்த பெண்கள். வந்தவர் கைகளால் வளர்ந்த நகரம் அது. நாளை நம் பிள்ளை ஒருவன் அங்கே சென்று உட்கார்ந்தால், அவனுக்கும் அம்மேசையில் ஓர் இடம் உண்டு.

விருந்தினன் விருந்தளித்தான்

நான் ஊர் திரும்பி மூன்று மாதங்கள் கழிந்தபின் என் மாணவரிடமிருந்து மடல் வந்தது. ஆய்வுக்கூடத் தோழர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். வயிற்று வலி என்று கூறியது சரியன்று எனப் பொறுத்தருளவும் வேண்டினாராம். "இதற்காகவா இத்தனை மாதம்?" என்று ஒருவர் வியந்தாராம். மதுக்கிண்ணங்கள் சுற்றிவரும் மேசைக்குத் தாம் செல்வதைவிட, அவர்களைத் தம் மேசைக்கு அழைப்பதே நன்று என்று எண்ணி, மது விற்காத கியோத்தியேர் உணவகம் ஒன்றுக்கு எழுவரை அழைத்திருக்கிறார். கூஸ்கூஸ் உண்டு, புதினாத் தேநீர் பருகி, இரவு பத்து மணி வரை பேசியிருந்தார்களாம். அடுத்த முறை தங்கள் வீட்டுக்கு வருமாறும், அவருக்கென மீன் வாங்கி வைப்பதாகவும் ஒரு தோழரின் மனைவி கூறினாராம். அம்மடலை வாசித்தபோது எனக்குண்டான நிறைவு எந்தப் பெரிய உணவகத்திலும் கிடைத்திராது.

விருந்து என்னும் சொல்லுக்கு நம் பண்டைய மொழியில் புதுமை என்பதே முதற்பொருள். புதிதாய் வந்தவரும் விருந்து. அவர்க்குப் படைப்பதும் விருந்து. எம் மாணவர் லியோனில் முன்னதாகச் சென்று பின்னதாக உயர்ந்தார்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் லியோனுக்கும் போகலாம், இலண்டனுக்கும் போகலாம், துபாய்க்கும் போகலாம். எங்குச் சென்றாலும் அவ்வூர் அடுக்களையை அறிய முயலுங்கள். உண்ணலாகாததை உண்ணாதீர்கள். அதனை மறைக்கவும் செய்யாதீர்கள். இனிய முகத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அம்மனிதர் என்ன செய்கிறார் என்று காத்திருந்து பாருங்கள். பெரும்பாலும் அவர் எழுந்து அடுக்களைக்குள் சென்று, உங்களுக்காக ஒரு வெண்குழம்பைத் தனியே காய்ச்சிக்கொண்டு வருவார்.